முள் இல்லாத சனிக்கிழமைகள்

"இன்னைக்குக் குளத்துக்குப் போகலையா?" என்று வாணி கேட்டதும், யுகேந்திரன் வாய்வரை கொண்டுபோன காப்பியைத் திரும்ப மேசையில் வைத்தார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. காலை ஆறரை மணி. கிள்ளானில் அவர்களுடைய வீட்டுச் சமையலறை, நேற்றுத்தான் குடிவந்த வீட்டின் சமையலறை போல இருந்தது. நெத்திலி போய்விட்டது. முட்டை போய்விட்டது. பெலாச்சான் என்கிற இறால் விழுது டப்பாவைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் கொடுத்து, மாதம் முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று வாணி சொல்லிவிட்டு வந்திருந்தாள். குளிர்பெட்டியில் மீன் இருந்த இடத்தை மஞ்சள் தண்ணீரால் துடைத்திருந்தாள்.

இப்படிப்பட்ட வீட்டில் நின்றுகொண்டு இப்படியொரு கேள்வியை ஏன் கேட்கிறாள்?

"போகணுமா?" என்றார் ஜாக்கிரதையாக.

"என்னைக் கேட்டா? சனிக்கிழமைன்னா போறதுதானே. தொப்பியைத் துவைச்சு வச்சிருக்கேன்."

தொப்பியைத் துவைத்து வைத்திருக்கிறாள்! இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் ஒன்றைக் கற்றிருந்தார். வாணி ஒரு காரியத்தை வேண்டாம் என்று சொன்னால் பயமில்லை. செய்துவிட்டுப் பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். 'உங்க இஷ்டம்' என்று சொன்னால்தான் ஆபத்து. தொப்பியைத் துவைத்து வைப்பது அதற்கும் மேலே.

"இந்த வருசம் என்ன வேண்டிக்கிட்ட, வாணி?"

"அதைச் சொல்லக்கூடாது. சொன்னா பலிக்காது. நாலு சனிக்கிழமை பொழுது சாயுற வரைக்கும் சாப்பிடாம இருக்கப் போறேன். அவ்வளவுதான். என் விரதம் கெடாம இருந்தா போதும்."

அவள் சொல்லத் தேவையும் இல்லை. கூடத்தில் மகள் ஷாமினி கைப்பேசியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்துகொண்டிருந்தாள். சுபாங்கில் விமானப் பராமரிப்பு வேலைக்கு நேர்முகத் தேர்வு முடிந்து பதினெட்டு நாளாகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. ஒரே மகள் இப்படி உட்கார்ந்திருக்கும்போது, ஒரு தாய் வேறு எதற்குப் பட்டினி கிடப்பாள்?

யுகேந்திரன் பூசை மேசையில் இருந்த பெருமாள் படத்தைப் பார்த்தார். அப்போதுதான் அந்தப் பயங்கரமான விஷயம் அவருக்கு உறைத்தது. பெருமாள் எடுத்த முதல் அவதாரமே மீன்.

*

யுகேந்திரனுக்குப் போர்ட் கிள்ளானில் ஒரு கொள்கலன் கிடங்கில், லோரிகளை எங்கே அனுப்புவது என்று சொல்லும் வேலை. வாரம் ஐந்து நாளும் இரண்டு காதுகளிலும் இரண்டு தொலைபேசிகள். எட்டாம் கதவில் நிற்க வேண்டிய லோரி மூன்றாம் கதவில் நிற்கும். மூன்றாம் கதவு லோரிக்காரர் ரொட்டி சானாய் சாப்பிடப் போயிருப்பார்.

அதனால்தான் அவருக்குத் தக்கையைப் பிடித்திருந்தது. தூண்டில் நரம்பில், தண்ணீருக்கு மேலே சிவப்பு நுனியைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சின்னத் தக்கை. அது மணி அடிப்பதில்லை. யாரையும் திட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் உலகத்திலிருந்து வருகிற ஒரே செய்தியைச் சொல்வதற்காக, காலையிலிருந்து மதியம்வரை பொறுமையாக நின்றுகொண்டிருக்கும்.

செய்தி அவருக்கு மட்டும் வருவதில்லை என்பதுதான் வருத்தம்.

ஸ்ரீ கெம்பாங்கானுக்கு வெளியே, பழைய ஈயச் சுரங்கம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று உண்டானது அந்தக் குளம். இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க விடுகிறார்கள். பிடித்த மீனை எடை போட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஒவ்வோர் அக்டோபரிலும் தக்கைத் தூண்டில் போட்டி நடக்கும். யுகேந்திரன் ஆறு வருடமாகக் கலந்துகொள்கிறார். ஆறு வருடமாக எடைப் பலகையில் அவர் பெயருக்கு நேரே சைபர்.

முதல் வருடம், மீனோடு அவர் நிற்கும் படத்தை மாட்டுவதற்கென்று வாணி ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்கினாள். அது இன்னும் காலியாகத்தான் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. வருகிற விருந்தினர்கள் முகம் பார்க்கிற கண்ணாடி என்று நினைத்துத் தலை வாரிக்கொள்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் குளத்துக்குப் போனார். போகாமல் இருந்தால் வாரம் முழுக்கக் காதில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் காரை நிறுத்தியதும், நகம் வெட்டியை எடுத்து நரம்பின் நுனியில் இருந்த முள்ளை 'டிக்' என்று வெட்டிப் போட்டார். டப்பாவில் இருந்த மற்ற முட்களையும் தாளில் மடித்துத் தனியே வைத்தார். திங்கட்கிழமை அவை அலுவலக மேசை இழுப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன.

மீனைப் பிடித்தால்தானே பாவம்? முள்ளே இல்லாத தூண்டில், வெறும் விருந்து.

வெறும் நரம்பில் ஒரு கண்ணி போட்டு, பாண்டான் வாசனை கலந்து பிசைந்த ரொட்டி மாவை அதன்மேல் அழுத்திப் பிடித்து, குளத்தில் எறிந்தார்.

தக்கை நிமிர்ந்து நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

பிறகு முங்கியது.

ஆறு வருடத்தில் முதல் முறையாக, யுகேந்திரன் தக்கை முங்கியது! அவர் கம்பைத் தொடவில்லை. மூச்சுகூட விடவில்லை. தக்கை மேலே வந்தது, ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபடி முங்கியது. மாவு தீர்ந்ததும் அடுத்த உருண்டையை வைத்தார். மறுபடி முங்கியது. குத்தாத இரை இந்தப் பக்கம் கிடைக்கிறது என்று மீன்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டன போலும். பத்து மணிக்கெல்லாம் குளத்து மீன்களில் பாதி அவருடைய காலடியில் பந்தி போட்டு உட்கார்ந்துவிட்டன.

"அண்ணே, இழுங்க! இழுங்கண்ணே!" என்று வலப்பக்கத்தில் இருந்தவர் கத்தினார்.

"போச்சு! மறுபடியும் விட்டுட்டாரு!" என்று இடப்பக்கத்தில் இருந்தவர் தலையில் கைவைத்தார்.

யுகேந்திரன் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

இரண்டாம் சனிக்கிழமை இராஜம்மா எழுந்து வந்தார்.

இராஜம்மா ஐம்பத்தெட்டு வயதுக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வாரம் ஐந்து நாள் பதினான்கு பிள்ளைகளின் கூச்சலை முதுகில் வாங்குவதால், ஆறாம் நாள் அசையாமல் உட்காரும் வித்தை அவருக்கு வந்திருந்தது. அந்தக் குளத்தில் அவரைப் போலத் தக்கை போடுகிறவர் யாரும் இல்லை. தைப்பூசம் முடிந்ததும் பழைய மயில் காவடிகளிலிருந்து இறகுகளைக் கேட்டு வாங்கி, அவற்றின் தண்டைச் சீவித் தாமே தக்கை செய்வார். வந்ததும் முதலில் மீன் பிடிக்க மாட்டார். ஓர் ஈயக்குண்டைத் தொங்கவிட்டுக் குளத்தின் ஆழத்தை அளப்பார். ஒரு கை இப்பால், ஒரு கை அப்பால் என்று தரையைத் தடவித் தெரிந்துகொள்வார். பிறகு நரம்பில் கடுகளவு ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகக் கடித்து இறுக்குவார். கடைசிக் குண்டும் ஏறிய பிறகு, தண்ணீருக்கு மேலே தக்கை ஓர் அரிசி அளவுதான் தெரியும். அந்த அரிசியை அவர் பார்க்கும் பார்வையை யுகேந்திரன் ஆறு வருடமாகத் தூரத்திலிருந்து பார்த்து வியந்திருக்கிறார். பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது, சைபர் வாங்குகிற ஆளுக்கு?

"தம்பி," என்றார் இராஜம்மா, இடுப்பில் கைவைத்து. "காலையிலேருந்து உங்க தக்கை நாப்பது தடவை முங்கிருச்சு. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். ஒரு தடவைகூட நீங்க இழுக்கல."

முள் இல்லை என்று சொன்னால் குளமே சிரிக்கும்.

"எல்லாம் சின்ன மீன் அக்கா. அதான் விட்டுட்டேன்."

"வெளிய எடுக்காமலே சின்னதுன்னு எப்டித் தெரியும்?"

"தக்கையைப் பார்த்தா தெரியும்லா."

சொல்லும்போது அது பொய். சொல்லி முடித்ததும் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. இழுக்கும் அவசரம் இல்லாமல், இரண்டு சனிக்கிழமையாக அவர் தக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை வருடத்தில் அந்தக் கரையில் யாரும் செய்யாத காரியம் அது. முங்கியதும் இழுப்பவர்களுக்கு, முங்கிய பிறகு தக்கை என்ன செய்கிறது என்று தெரியாது.

"அப்ப இது என்ன?" என்று இராஜம்மா விரலை நீட்டினார்.

சிவப்பு நுனி குளிரில் நடுங்குவது போலப் படபடத்தது.

"தெலாப்பியா," என்றார் யுகேந்திரன். "உள்ளங்கை அளவு."

இராஜம்மா தம்முடைய தூண்டிலை அதன் பக்கத்திலேயே போட்டார். சுண்டி இழுத்தார். தெலாப்பியா. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது.

"இது?"

இம்முறை தக்கை முங்கவில்லை. மாறாக, மேலே எழும்பி, தண்ணீரில் படுத்துக்கொண்டது.

"லம்பாம். தரையிலேருந்து இரையைத் தூக்கிக்கிட்டு மேல வருது. ஈயத்தோட பாரத்தை அது சுமக்குது, அதான் தக்கை படுத்துருச்சு."

லம்பாம் வந்தது. இராஜம்மா அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கையைத் துடைக்கக்கூட மறந்து நின்றார்.

"இது தம்பி?"

தக்கை எந்த அவசரமும் இல்லாமல், நிலையத்தை விட்டுப் புறப்படும் ரயில் போலப் பக்கவாட்டில் நகர்ந்து போனது.

"ரோகு. ரெண்டு கிலோ இருக்கும்."

எடைத் தட்டு ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம் காட்டியது. அதற்குள் கரையில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வாசு ஒலிபெருக்கியோடு ஓடிவந்தான்.

"பாஸ், நீங்க மாஸ்டர்லா! ஆறு வருசமா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

யுகேந்திரன் புன்னகைத்தார். கம்பை மட்டும் யாரும் தொட முடியாதபடி கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார்.

*

மூன்றாம் சனிக்கிழமை இராஜம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"போட்டிக்கு என்கூட ஜோடி சேருங்க. என் பழைய ஜோடிக்கு முட்டி ஆபரேசன்."

வானத்திலிருந்து ஒரு மாலை வந்து கழுத்தில் விழுந்தது போலிருந்தது யுகேந்திரனுக்கு. விழுந்த மாலை உடனே கழுத்தை இறுக்கவும் ஆரம்பித்தது.

"அக்கா, இது புரட்டாசி..."

"அதுக்கென்ன? மீனைத் திரும்ப விடத்தானே போறோம்."

"உங்களுக்கு விரதம் எதுவும் இல்லையா?"

"தைப்பூசத்துக்கு நாப்பத்தெட்டு நாள் இருந்துருவேன். மீதி நாள் எல்லாம் முருகன் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒம்பது வருசமா நான் ரெண்டாவதாத்தான் வரேன் தம்பி. உங்க கண்ணும் என் கையும் சேர்ந்தா, இந்த வருசம் கப்பு நமக்குத்தான்."

எப்படி மறுப்பது? அவர் பார்த்து வியந்த ஒரே ஆள் அவரிடம் வந்து கேட்கிறார். யுகேந்திரன் வேகமாக யோசித்தார். ஜோடியின் மொத்த எடையைத்தான் பார்ப்பார்கள். அவர் முள் இல்லாமல் தக்கையைப் பார்த்துச் சொல்லுவார், இராஜம்மா பிடிப்பார். பிடிக்கிற கை இராஜம்மாவுடையது. அதைப் பெருமாளும் முருகனும் எப்படியாவது தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

"சரிக்கா," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது வாணி வாசலிலேயே நின்றாள். காலையிலிருந்து சாப்பிடாத முகம்.

"அடுத்த சனிதானே போட்டி? யார்கூட ஜோடி?"

இவளுக்கு எப்படித் தேதி தெரியும்? யுகேந்திரன் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார்.

"நான் கலந்துக்கல. சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போறேன்."

"கலந்துக்கலையா?" வாணியின் முகம் விழுந்துவிட்டது. "ஏன்?"

"புரட்டாசி இல்லையா... எதுக்கு அதெல்லாம்."

வாணி உள்ளே திரும்பினாள். சாமி மேசைக்குப் போய், ஏற்கனவே எரிந்துகொண்டிருந்த இரண்டு விளக்குகளோடு மூன்றாவதாக ஒன்றையும் ஏற்றினாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று யுகேந்திரனுக்கு நிச்சயமாகிவிட்டது.

*

போட்டி அன்று குளத்தைச் சுற்றி நாற்பது பேர், இருபது ஜோடி. வாசு நாற்காலிமேல் ஏறி ஒலிபெருக்கியைத் தட்டினான்.

"இந்த வருசம் ஒரு புது ரூல்! போன வருசம் ஒருத்தர் காலையிலேருந்து தூங்கியே கப்பு வாங்கிட்டுப் போயிட்டாரு. அதனால ஜோடியில ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு மீனாவது பிடிச்சிருக்கணும். இல்லன்னா அந்த ஜோடியே அவுட்! இப்ப எல்லாரும் முள்ளைக் காட்டுங்க. முள்ளுல மீனைக் கழற விடாத எதிர்முனை இருந்தா குறட்டால நசுக்கிரணும், மீனுக்கு வலிக்கக்கூடாது."

யுகேந்திரன் நரம்பின் நுனியைப் பார்த்தார். நுனியில் நுனிதான் இருந்தது.

வாசு வந்து பார்த்தான். குனிந்து பார்த்தான். நரம்பை விரலால் தடவிப் பார்த்தான்.

"பாஸ், முள் எங்க?"

"மறந்துட்டேன்."

"வலையை மறந்தவரைப் பார்த்திருக்கேன், சாப்பாட்டை மறந்தவரைப் பார்த்திருக்கேன். முள்ளை மறந்துட்டு மீன் பிடிக்க வந்த ஆளை இப்பத்தான் பார்க்கறேன்லா!"

"மாஸ்டர்னா அப்டித்தான் இருப்பாங்க," என்று இராஜம்மா பெருமையாகச் சொல்லி, தம்முடைய டப்பாவிலிருந்து ஒரு முள்ளை எடுத்து, எதிர்முனையை நசுக்கி, யுகேந்திரன் நரம்பில் தாமே கட்டிவிட்டார். அழகான முடிச்சு. யானை இழுத்தாலும் அவிழாது.

விசில் ஊதியது.

முள் இருக்கிறது, மீன் மட்டும் மாட்டக்கூடாது. ஆறு வருடமாகத் தானாக நடந்த காரியத்தை இன்று திட்டம் போட்டுச் செய்ய வேண்டியிருந்தது. யுகேந்திரன் தக்கையைக் கீழே இறக்கி, முள்ளுக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினார். குளம் பன்னிரண்டு அடி ஆழம். மீன் எல்லாம் தரையில் மேய்கிறது. ஒரு சாண் ஆழத்துக்கு எது வரும்?

இரைக்கு மாவு வேண்டாம். மதியத்துக்கு வாணி கட்டிக் கொடுத்திருந்த தயிர்ச் சாதத்தைத் திறந்தார். ஓரத்தில் பொரித்த மோர் மிளகாய் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்து முள்ளில் கோத்தார். உலகத்தில் எந்த மீனும் மோர் மிளகாய் தின்றதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

நிம்மதியாக உட்கார்ந்து, இராஜம்மாவின் தக்கையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இழுக்காதீங்க அக்கா, குட்டி தெலாப்பியா. இருங்க... இருங்க... இப்ப வந்திருக்கிறது வேற. இழுங்க!"

ரோகு. மூன்று கிலோ.

இராஜம்மாவின் மணிக்கட்டு ஒரு விரற்கடைதான் அசையும். அதற்குள் மீன் மாட்டியிருக்கும். கம்பை உயர்த்தி, சாய்த்து, மீனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கொஞ்சம் வாங்கி, அதோடு பேச்சுவார்த்தை நடத்துகிறவர் போலக் கரைக்குக் கொண்டுவருவார். யுகேந்திரன் சொல்லச் சொல்ல அந்தக் கை கேட்டது; அந்தக் கை கேட்கக் கேட்க யுகேந்திரன் கண் இன்னும் கூர்மையானது. அந்தக் காலையில் இருவரும் ஒரே ஆள் மாதிரி இருந்தார்கள். பக்கத்து ஜோடிகள் தங்கள் தக்கையை மறந்து இவர்களைப் பார்த்தன.

பன்னிரண்டு மணிக்கு இராஜம்மா பதினொரு கிலோ. இரண்டாம் இடத்தில் இருந்தவர்கள் எட்டு. போட்டி முடியப் பத்து நிமிடம்.

"போதும், நான் நிறுத்திக்கறேன்," என்றார் இராஜம்மா. "இப்ப உங்க ஒரு மீன். சுண்டுவிரல் அளவு போதும். அது சரி, ஏன் இவ்வளவு மேல வச்சிருக்கீங்க?"

"அது... வந்து..."

இராஜம்மா கண்களைச் சுருக்கினார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது; தண்ணீருக்கு மேலே சின்னச் சின்ன வளையங்கள் விரிந்தன.

"ஐயோ! வெயில் ஏறுனா பெரிய பாத்தின் கெளுத்தி மேல வரும், அதுக்காகக் காலையிலேருந்தே காத்திருக்கீங்களா? என்ன நெஞ்சழுத்தம்லா உங்களுக்கு!"

பாத்தின் மேலே வருமா? யுகேந்திரன் பதறிப்போய்த் தூண்டிலை வெளியே எடுக்கக் கையை நீட்டியபோது, பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அப்பா!"

ஷாமினி.

"நீ எங்கம்மா இங்க?"

"அம்மா பிரிக்பீல்ட்ஸ் கோயில்ல இருக்காங்க. என்னைப் போய் நீங்க என்ன செய்றீங்கன்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க." அவள் எடைப் பலகையைப் பார்த்துவிட்டாள். "அப்பா, உங்க பேர் இருக்கு! கலந்துக்கலைன்னு சொன்னீங்க?"

வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறாள். யுகேந்திரன் பொய் சொல்ல வாயைத் திறந்தார்.

தக்கை நடுங்கவில்லை. படுக்கவில்லை. நகரவில்லை. இருந்த இடத்தில் இல்லாமல் போனது.

கம்பு வில்லாக வளைந்தது. ரீல் அலறியது. கரையோரம் உதிரும் செம்பனைப் பழத்தையே விழுங்கிப் பழகிய ஏதோ ஒரு கிழட்டுப் பாத்தின், வெயில் காயும் மேல்தண்ணீரில் மிதந்த செம்பழுப்பு நிற மோர் மிளகாயைப் பழம் என்று நம்பிவிட்டது.

"இழுங்கப்பா!" என்று ஷாமினி குதித்தாள்.

"இழுக்காதீங்க, விட்டுப் பிடிங்க! கம்பைத் தூக்கியே வைங்க!" என்று இராஜம்மா கத்தினார்.

மூன்று வாரமாக, இல்லை, ஆறு வருடமாகப் பார்த்ததெல்லாம் யுகேந்திரன் கைகளுக்குள் தாமாகவே வந்து சேர்ந்தன. மீன் ஓடியபோது விட்டார். நின்றபோது வாங்கினார். அது நாணல் பக்கம் திரும்பியபோது கம்பை எதிர்ப்பக்கம் சாய்த்து மெல்ல வழிக்குக் கொண்டுவந்தார். "பாருடா, பாருடா அந்தக் கையை!" என்று யாரோ சொன்னது கேட்டது. ஏழு நிமிடம் கழித்து அது கரையோரம் மேலே வந்தது. ஷாமினியின் கை நீளம். வெள்ளி வயிறு. இரண்டு மீசை. பத்துக் கிலோ இருக்கும்.

அது யுகேந்திரனைப் பார்த்தது.

அவரும் பார்த்தார். வாழ்க்கையில் அவர் பார்த்த அழகான பொருள் அதுதான். இன்னும் மூன்றடி. இராஜம்மா வலையோடு மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் ஷாமினி, தன்னுடைய வேலையே அந்த நரம்பில் தொங்குகிறது என்று தெரியாமல், "அப்பா, சூப்பர்ப்பா!" என்று கைதட்டிக்கொண்டிருந்தாள். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் பட்டினியோடு ரயிலேறிப் போன வாணி நினைவுக்கு வந்தாள்.

யுகேந்திரன் கம்பைத் தாழ்த்தினார்.

நரம்பு தளர்ந்தது. எதிர்முனை இல்லாத முள், மீன் வாயிலிருந்து வழுக்கி விழுந்தது. பாத்தின் நம்பமுடியாமல் ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு வாலை ஒருமுறை அசைத்துவிட்டுக் குளத்துக்குள் போய்விட்டது.

நாற்பது பேர் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள். விசில் ஊதியது.

"ஜோடி நம்பர் பன்னெண்டு," என்று வாசு ஒலிபெருக்கியில் அழாத குறையாக அறிவித்தான். "இரண்டாம் நபர், சைபர்."

*

கூட்டம் எடைப் பலகைப் பக்கம் போய்விட்டது. இராஜம்மா வலையை மடித்து வைத்தார்.

"தம்பி," என்றார் கடைசியில். "கம்பு தானா இறங்கல. நீங்கதான் இறக்குனீங்க."

"ஆமாக்கா."

"ஏன்?"

யுகேந்திரன் எல்லாவற்றையும் சொன்னார். நகம் வெட்டியில் ஆரம்பித்து மோர் மிளகாய் வரை, ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது ஷாமினியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததால், குளத்தையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"இவளோட வேலைக்காக வாணி நாலு வாரமா விரதம் இருக்கா. நான் இங்க வந்து ஒரு உயிரை முள்ளால குத்தி இழுத்தா, அந்த விரதத்துக்கு என்ன அர்த்தம்? கப்பு உங்களுக்குக் கிடைச்சிருக்கும் அக்கா. நான்தான் கெடுத்துட்டேன்."

இராஜம்மா மயிலிறகுத் தக்கையைத் துணியால் துடைத்தார். பிறகு அதைத் தம்முடைய பெட்டியில் வைக்காமல், யுகேந்திரன் சட்டைப் பையில் பேனாவைப் போலச் செருகினார்.

"ஒம்பது வருசம் ரெண்டாவதா வந்தேன். கடைசியா வர்றது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாமலே இருந்துச்சு," என்றார். "பெத்த பொண்ணுக்காகப் பத்துக் கிலோ மீனை விட்ட ஆளோட ஜோடியா கடைசியா வந்தா, அது ஒரு மரியாதைதான் தம்பி. அடுத்த வருசமும் நீங்கதான் என் ஜோடி."

யுகேந்திரன் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். மகள் பக்கம் திரும்பினார். அவள் கண்கள் கலங்கியிருக்கும், ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார்.

ஷாமினி அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறவள் போல, கையில் இருந்த கைப்பேசியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா எனக்காக வேண்டிக்கவே இல்லப்பா. 'நீ படிச்ச பொண்ணு, உன் வேலையை நீயே வாங்கிப்ப, உங்கப்பாவுக்குத்தான் சாமிய விட்டா வேற வழியே இல்ல, இந்த வருசமாவது ஒரு மீனைப் பிடிச்சிரட்டும்'னு சொல்லித்தான் நாலு சனிக்கிழமையா பட்டினி கிடக்கறாங்க."